கொழுந்து விற்ற பணம் எங்கே போயிற்று?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நாடுகள் எவ்வழியில் பொருள் வளம் பெற்றன என்பதைப்பற்றிப் பேசும்படி என்னைப் பணித்திருக்கிறீர்கள். பெரிய விஷயந்தான். ஆயினும், அதன் பாடம் நம் மலையிலேயே இருக்கிறது.

1867ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெய்லர் என்பார் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869இல் கோப்பிச் செடிகளை இலைநோய் பற்றியது. சுமார் இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி அழிந்தது. தேயிலை மலையெங்கும் பரந்தது. 1885இல் புகையிரதம் நானுஓயாவை எட்டிற்று.

இதே காலத்து யப்பானைப் பாருங்கள். 1868இல் அங்கே மெய்ஜி ஆட்சி தொடங்கிற்று. பட்டுநூலையும் தேயிலையையும் விற்றே அந்நாடும் அந்நியச் செலாவணி தேடியது. 1872இல் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆரம்பக் கல்வி என்று விதித்தது; அதே ஆண்டில் தொமியோக்காவில் பட்டாலை திறந்தது. உழவர்மீது வரிச்சுமை பாரமாயிருந்தது; ஆலைப் பெண்கள் பட்ட துன்பமும் சிறிதன்று. ஆனால் அவர்கள் உழைப்பின் பலன் பள்ளிக்கூடமாகவும் தொழிற்சாலையாகவும் அந்நாட்டிலேயே தங்கிற்று.

நம் மலையில் நடந்ததென்ன? இலாபத்தில் பெரும்பங்கு கடல் கடந்து இலண்டன் சென்றது. 1945இல் இலங்கைக்கு இலவசக் கல்வி வந்தது. தேயிலையின் ஏற்றுமதி வரி அரசாங்கத்தின் பொக்கிஷத்தை நிரப்பிற்று. அக்கொழுந்தைப் பறித்த தாயின் பிள்ளையோ, தோட்ட நிர்வாகத்தின் கீழிருந்த பள்ளியில் பெரும்பாலும் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் நம்மவரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தமோ 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மக்களை எண்ணிப் பிரித்தது.

1972இலும் 1975இலும் வந்த காணிச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின; 1992இல் நிர்வாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. துரைமார் மாறினார்கள், லயம் மாறவில்லை. எது மாறிற்று? 1970களில் தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது. அதன் பின்னரே, லயத்தில் பிறந்த பிள்ளைகள் ஆசிரியர்களாகவும் சட்டத்தரணிகளாகவும் வைத்தியர்களாகவும் பெருகத் தொடங்கினர். 2003ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சியிருந்தோருக்கும் பிரஜாவுரிமைக்கு வழி திறந்தது.

சகோதரர்களே! எவ்வளவு ஏற்றுமதி செய்தோம் என்பதைக் கொண்டு மட்டும் ஒரு நாட்டின் வளர்ச்சியை அளக்கலாகாது. விற்ற பணத்தில் எவ்வளவு, உழைத்தவன் வீட்டுப் பிள்ளையின் அறிவாகத் திரும்பிற்று என்றும் கேட்கவேண்டும். இக்கேள்வியை அரசிடமும் கம்பனிகளிடமும் நாம் ஓயாமல் கேட்போம். குடியிருக்கச் சொந்தக் காணியும், நம் பள்ளிகளுக்குக் கணித, விஞ்ஞான ஆசிரியர்களும் வேண்டுமென்று கேட்போம்.

கேட்பதோடு நின்றுவிடவும் கூடாது. நம் சங்கத்தில் படித்த ஒவ்வொருவரும், பிரட்டுக்களத்துக்கு அருகே ஒரு விளக்கை ஏற்றி, வாரத்தில் இரண்டு மாலைகளாவது பத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுங்கள். நாட்டின் அபிவிருத்தியில் அது நம் பங்காகட்டும்.