அஞ்சலில் வரும் ஆசிரியர்

(அயோத்தியாப்பட்டணத்தில் முதியோர் தொடர்கல்வி பற்றி நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்துவடிவம்)

  

1952ஆம் ஆண்டு. இவ்வூருக்கு மேற்கே பேருந்தில் ஏறினால் சிறிது நேரத்தில் சென்றிறங்கும் சேலத்தில், நகராட்சிக் கல்லூரித் தமிழ்ப் பேராசிரியர் ஒருவர் முதுகலைப் பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு அகவை ஐம்பது. அவர் எழுதிய 'ஒப்பியன் மொழிநூல்' வெளிவந்து அதற்குள் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. தம் நூலைப் பிறர் படித்துக்கொண்டிருந்த காலத்தில் தாம் மீண்டும் மாணவராக அமர அவர் நாணவில்லை. அவர்தாம் மொழிஞாயிறு ஞா. தேவநேயப் பாவாணர். 1944 முதல் 1956 வரை பன்னிரண்டாண்டுகள் சேலத்தில் பணியாற்றிய பெருமகனார். "நாற்பதைத் தாண்டியாயிற்று, இனி எனக்கென்ன படிப்பு?" என்று இவ்வூர்த் திண்ணைகளில் பேசுவோர் இந்த ஒரு செய்தியை உள்ளத்தில் இருத்திக்கொண்டால் போதும்.

அவர் அதற்கு முன்பே படித்த வகையும் எண்ணத்தக்கது. பாண்டித்துரைத் தேவர் 1901இல் மதுரையில் தமிழ்ச்சங்கம் நிறுவினார். அச்சங்கம் தமிழ்த் தேர்வுகளை நடத்தியது. எந்த ஊரில் இருப்பவரும் தாமே நூல்களைப் பயின்று அத்தேர்வுகளை எழுதலாம். பள்ளிகளில் ஆசிரியராக இருந்துகொண்டே பாவாணர் 1924இல் அச்சங்கத்தின் பண்டிதர் தேர்வில் தேறினார். 1926இல் திருநெல்வேலித் தென்னிந்தியத் தமிழ்ச்சங்கத்தின் புலவர் தேர்விலும் தேறினார். அஞ்சல்வழிக் கல்வி என்னும் பெயர் தமிழ்நாட்டில் வழங்குவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே அந்தக் கல்வி இங்கு நடந்துகொண்டிருந்தது!

வகுப்பறை இல்லை, எதிரில் ஆசிரியர் இல்லை. பிறகு யார் கற்பித்தார்? உரையாசிரியர் கற்பித்தார். தமிழ் உரைநூல்களைப் புரட்டிப் பார்த்தவர் அறிவர். கற்பவனுக்கு எந்த இடத்தில் ஐயம் எழும் என்பதை உரைகாரர் முன்னரே உணர்வார். அந்த ஐயத்தைத் தாமே எழுப்புவார். விடையும் தாமே தருவார். மாறுபட்ட கருத்து இருந்தால் அதையும் எடுத்துவைத்து மறுப்பார். எடுத்துக்காட்டுத் தந்து அதன்பின்னரே அடுத்த நூற்பாவுக்குச் செல்வார். தாம் இறந்து பன்னூறு ஆண்டுகள் கழித்து, முகமறியாத ஊரில் விளக்கடியில் அமர்ந்து படிக்கப்போகும் ஒருவனுக்காக அவர் எழுதினார். உரை எழுதியவரை 'உரையாசிரியர்' என்று முன்னோர் அழைத்த கரணியம் அதுவே. எழுத்தே ஆசிரியராக நிற்க முடியும் என்று கண்டவர்கள் தமிழர்கள்.

மேலை நாட்டில் ஐசக்கு பிட்மன் என்பார் 1840 முதல் சுருக்கெழுத்தை அஞ்சல்வழி கற்பித்தார். தொலைநிலைக் கல்வி வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் அவரிடமிருந்தே தொடங்குவர். தொடங்கட்டும். ஆயின் தமிழர் தம் வீட்டுப் பரணில் இருக்கும் ஏட்டுச்சுவடியையும் ஒருமுறை இறக்கிப் பார்க்க வேண்டும்.

இந்தியாவில் தில்லிப் பல்கலைக்கழகம் 1962இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் மதுரைப் பல்கலைக்கழகம் 1971இலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இலும், சென்னைப் பல்கலைக்கழகம் 1981இலும் தொடங்கின. இங்கிலாந்தில் 1969இல் நிறுவப்பெற்ற திறந்தநிலைப் பல்கலைக்கழகம், முன்தகுதி எதுவும் கேளாமல் உழைக்கும் மக்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது. அதைப் பார்த்து 1985இல் இந்திரா காந்தி பெயரில் நடுவணரசும், 2002இல் தமிழ்நாட்டரசும் திறந்தநிலைப் பல்கலைக்கழகங்களை அமைத்தன. சேலத்திலேயே 1997இல் பெரியார் பல்கலைக்கழகம் தோன்றிற்று. நடத்துநர்களும் எழுத்தர்களும், குழந்தைகளை உறங்கவைத்துவிட்டுப் படித்த தாய்மார்களும் இவ்வழியே பட்டம் பெற்றனர். அது மறுக்கமுடியாத நன்மை. ('தொலைநிலை' என்னும் சொல்லைக் கேட்டதும் "படித்தால் தொலைந்தோம்" என்று நகையாடுவோர் உண்டு. தொலை என்பது தூரத்தையும் குறிக்கும் நல்ல தமிழ்ச்சொல். தொலைந்து போவதும் போகாததும் பாடம் எழுதுவோர் கையில் இருக்கிறது.)

அந்தக் கையைத்தான் சற்று உற்று நோக்க வேண்டும். வகுப்பறையில் பாடநூல் மோசமாக இருந்தாலும் ஆசிரியர் வாய்ச்சொல்லால் அதைச் சரிசெய்துவிடுவார். தொலைநிலை மாணவருக்கு அந்த வாய்ப்பு மிகக் குறைவு. அஞ்சலில் வரும் பொத்தகமோ கைப்பேசியில் வரும் பாடமோதான் அவருக்கு ஆசிரியர். அந்த ஆசிரியர் அவருக்கு விளங்கும் மொழியில் பேசாவிட்டால் ஆசிரியரே இல்லை என்றுதான் பொருள்.

வெள்ளிப்பட்டறையில் கொலுசுக்குப் பற்றவைக்கும் ஒருவர் பொருளியல் இளங்கலைக்குப் பதிந்துகொள்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவு ஒன்பது மணிக்குமேல் நூலைத் திறக்கிறார். 'தேவை நெகிழ்ச்சி' என்று பாடத்தலைப்பு. கீழே, "விலையினால் உண்டாக்கப்படுகின்ற மாற்றத்திற்குக் கோரப்படுகின்ற அளவினால் வெளிப்படுத்தப்படுகின்ற எதிர்வினையின் அளவீடே இதுவென வரையறுக்கப்படுகின்றது" என்ற முறையில் வரி ஓடுகிறது. எழுத்து தமிழ், வாக்கியம் ஆங்கிலத்தின் பிணம். மூன்று முறை படித்தும் விளங்காமல், தமக்குத்தான் அறிவு போதவில்லை என்று எண்ணி அவர் நூலை மூடுகிறார். அங்கே ஒரு மாணவரைப் பல்கலைக்கழகம் இழக்கிறது. அவர் கட்டிய கட்டணம் மட்டும் திரும்புவதில்லை.

அதையே இப்படிச் சொன்னால் என்ன? உப்பு விலை ஏறினாலும் வீட்டில் உப்பு வாங்குவது குறைவதில்லை. வெள்ளி விலை ஏறினால் கொலுசு வாங்குவதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போடுகிறார்கள். பட்டறையில் வேலை குறைகிறது. விலை மாறும்போது வாங்கும் அளவு எவ்வளவு வளைந்துகொடுக்கிறது என்பதே தேவை நெகிழ்ச்சி. உப்புக்கு அது குறைவு; கொலுசுக்கு மிகுதி. இவ்வளவுதான்! அந்தத் தொழிலாளி இதைப் படித்தால், பாடத்தை எழுதியவருக்கே இரண்டு எடுத்துக்காட்டுகள் கூடுதலாகத் தருவார். மரவள்ளிக் கிழங்கின் விலைக்கும் சவ்வரிசி ஆலைக்கும் உள்ள தொடர்பை அவரைவிட யார் அறிவார்? அறிவு அவரிடம் இருக்கிறது. அதற்குக் கல்வித்துறைப் பெயர்தான் இல்லை. முதியோர்க்குப் பாடம் எழுதுவதும் சிறுவர்க்கு எழுதுவதும் வேறுவேறு என்பது இதனால்தான்.

தமிழில் உயர்கல்வி முடியுமா என்ற கேள்வி பழையது. அதற்கு விடையும் பழையது. 1960இல் கோவை அரசு கலைக்கல்லூரியில் தமிழ்வழிப் பட்டவகுப்புத் தொடங்கப்பெற்றது. அதனையடுத்து வரலாறு, பொருளியல், இயற்பியல், வேதியியல், நிலைத்திணையியல் என்று பல நூறு கல்லூரி நூல்களைத் தமிழ்நாட்டரசின் வழியாகத் தமிழ்ப் பேராசிரியர்களே எழுதினார்கள். அவற்றுட் பல இன்று கணினியில் விலையின்றிக் கிடைக்கின்றன. நடை எல்லா நூலிலும் சிறப்பாக இருக்கிறது என்று சொல்லமுடியாது. சில நூல்கள் முன்சொன்ன நோய்க்கு ஆளானவையே. ஆயினும் நன்றாக எழுதப்பட்டவற்றை எடுத்துப் படித்துப் பாருங்கள். ஆங்கில நூலைத் தேடத் தோன்றாது.

இது மொழிப்பற்று மட்டும் சார்ந்த செய்தி என்று எண்ணிவிடாதீர்கள். இது சோற்றுக்கும் உரிய செய்தி. தமிழ்வழியில் படித்தோர்க்கு அரசுப் பணி அமர்த்தத்தில் நூற்றுக்கு இருபது இடம் முன்னுரிமையாகத் தரும் சட்டம் 2010இல் இயற்றப்பெற்றது. 2020இல் அதைத் திருத்தி, பணிக்கு வேண்டிய தகுதிவரை முதல் வகுப்பு தொடங்கி எல்லாப் படிப்பும் தமிழ்வழியிலேயே அமைய வேண்டும் என்று இறுக்கினார்கள். பன்னிரண்டாம் வகுப்புவரை ஊர்ப்பள்ளியில் தமிழில் படித்துவிட்டுத் தொலைநிலைப் பட்டத்தை மட்டும் ஆங்கில வழியில் முடித்தவர், பட்டம் கேட்கும் பணிகளில் அந்த முன்னுரிமையை இழக்கிறார். "தமிழ்வழிப் பாடநூல் இன்னும் வரவில்லை, ஆங்கில வழியிலேயே சேர்ந்துகொள்ளுங்கள்" என்று சேர்க்கைப் பலகையடியில் எவரேனும் சொன்னால், அந்த ஒரு சொல்லுக்கு விலை என்ன என்று இப்போது விளங்கும்.

இன்னொரு குழியும் இருக்கிறது. பள்ளிப்படிப்பை இடையில் விட்டவர்கள் நேரே பட்டத்துக்குத் தாவ முடியும் என்று ஒரு காலத்தில் ஆசை காட்டப்பட்டது. அடிப்படைப் பட்டம் இல்லாமல் திறந்தநிலையில் பெற்ற முதுகலைப் பட்டம் செல்லாது என்று உச்சநீதிமன்றம் 2009இல் தீர்ப்பளித்தது. பத்தாம் வகுப்பு, மேனிலை, அதன்பின் பட்டம் என்னும் வரிசையில் பெற்றதே அரசுப் பணிக்கு ஏற்கப்படும் என்று தமிழ்நாட்டரசும் அதே ஆண்டில் ஆணையிட்டது. ஆகவே படியைத் தாண்டாதீர்கள். எட்டாம் வகுப்போடு நின்றவர் பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம். பிறகு மேனிலை எழுதலாம். அரசுத் தேர்வுகள் துறை அதற்கு வழி வைத்திருக்கிறது. நான்கைந்து ஆண்டுகள் கூடுதலாகும். ஆகட்டும். ஐம்பதில் பட்டம் பெற்றவரின் பெயரை இங்கு முதலிலேயே சொல்லியாயிற்று.

முறைப்படி ஒப்புதல் பெற்ற தொலைநிலைப் பட்டம் நேர்முக வகுப்புப் பட்டத்துக்கு நிகரானது என்று பல்கலைக்கழக மானியக்குழு 2022இல் மீண்டும் தெளிவுபடுத்தியது. அதனால் "அஞ்சல் படிப்புத்தானே" என்று இழித்துரைப்போர்க்குத் தலைகுனிய வேண்டியதில்லை. ஆனால் 'ஒப்புதல் பெற்ற' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியே ஒப்புதல் வேண்டும். பல்கலைக்கழகத்தின் பெயர் பெரிதாக இருப்பது மட்டும் போதாது. பணம் கட்டுவதற்கு முன் அக்குழுவின் பட்டியலில் அந்தப் படிப்பும் அந்த ஆண்டும் இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள். பார்க்கத் தெரியாதவர் பார்க்கத் தெரிந்த பிள்ளையைக் கேளுங்கள்.

பட்டத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும் இவ்வேளையில், கையெழுத்திடத் தெரியாமல் மைதொட்டு விரல் வைக்கும் தாய்மாரை மறந்துவிடக் கூடாது. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படித் தமிழ்நாட்டில் எழுத்தறிந்தவர் நூற்றுக்கு எண்பதின்மர். சேலம் மாவட்டத்திலோ நூற்றுக்கு ஏறத்தாழ எழுபத்துமூவர்தாம். மாநில அளவுக்கு ஏழு படி கீழே! புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991இல் நடந்த அறிவொளி இயக்கம் எண்ணத்தக்கது. அங்கே கல்லுடைக்கும் பெண்கள் எழுத்துக் கற்றதோடு மிதிவண்டியும் ஓட்டக் கற்றார்கள். தண்ணீர்க் குடத்தையும் பிள்ளையையும் ஏற்றிக்கொண்டு தாமே சென்றார்கள். 2022 முதல் பதினைந்து அகவைக்கு மேற்பட்டோர்க்கான எழுத்தறிவுத் திட்டம் பள்ளிகள் வழியாக மீண்டும் நடைபெறுகிறது. கற்பிக்கத் தன்னார்வலர் வேண்டும் என்று கேட்கிறார்கள். இங்கே பட்டம் படித்துக்கொண்டிருக்கும் ஒவ்வொருவரும் தம் தெருவில் இரண்டு பேருக்குக் கற்பிக்கலாமே!

தனியே படிப்பவர்க்கு வரும் பெரும்பகை சோர்வு. அதற்கு மருந்து கூட்டுப் படிப்பு. ஒரே படிப்பில் சேர்ந்த நால்வர் ஞாயிறுதோறும் காலையில் இரண்டு மணி நேரம் நூலகத்திலோ பள்ளித் திண்ணையிலோ கூடுங்கள். ஒருவர் ஒரு பாடத்தைத் தம் சொந்தத் தமிழில் மற்ற மூவர்க்கும் சொல்லட்டும். பாடநூலில் விளங்காத வாக்கியங்களைக் குறித்துவையுங்கள். பருவ முடிவில் அவற்றைத் தொகுத்து, இவ்வாறு எழுதினால் விளங்கும் என்று நீங்களே திருத்தி, நால்வரும் கையொப்பமிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு மடல் எழுதுங்கள். ஒரு மடலைக் குப்பையில் போடலாம். ஆண்டுதோறும் பத்து ஊரிலிருந்து வரும் மடல்களை அப்படிப் போட முடியாது. தேர்வு முடித்தவர்கள் தம் நூல்களைக் கடைக்காரரிடம் நிறுத்துப் போடாமல் நூலகத்தில் வைத்துப்போகட்டும்.

சேர்க்கை பெரும்பாலும் ஆண்டுக்கு இருமுறை நடைபெறும்: தைத் திங்களையொட்டி ஒன்று, ஆடியையொட்டி ஒன்று. விண்ணப்பத்தில் பெயர், பிறந்த நாள், முகவரிக்கெல்லாம் கீழே 'பயிற்றுமொழி' என்று ஒரு சிறு கட்டம் இருக்கும். பலர் அதை நிரப்பாமல் விட்டுவிடுகிறார்கள்; அலுவலகத்தில் எவரோ நிரப்பிக்கொள்கிறார். அந்தக் கட்டத்தில் 'தமிழ்' என்று உங்கள் கையாலேயே எழுதுங்கள். எழுதிய விண்ணப்பத்தைப் படியெடுத்து வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.