முகத்தில் விழும் வெளிச்சம்



பிள்ளைகள் கைத்தொலைபேசியைக் கையில் எடுத்தாலே பொழுதை வீணாக்குகிறார்கள் என்று பெற்றோர் நினைப்பதுண்டு. அதே கருவியைக் கொண்டு எங்கள் ஆறாம் ஆண்டு மாணவர்கள் ஐந்து நிமிடக் குறும்படம் ஒன்றை எடுத்தார்கள். ஒரு மாணவனின் தாயார் பால்மரம் வெட்டும் காலைப்பொழுதே கதை. அதில் நாங்கள் கற்றவற்றை இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

முதலில் எடுத்த காட்சிகளை வகுப்பில் போட்டுப் பார்த்தோம். மேட்டின் மேல் நின்று எடுத்திருந்தார்கள். மரங்கள் நிரை நிரையாக அழகாகத் தெரிந்தன. அம்மாவோ ஒரு மூலையில் எறும்பு போல் தெரிந்தார். "இது மரத்தின் கதையா, அம்மாவின் கதையா?" என்று ஒரு மாணவி கேட்டாள். பாடம் அங்கேதான் தொடங்கியது.

மேலிருந்து எடுத்தால் மனிதர் சிறுத்துத் தெரிவார். கீழிருந்து எடுத்தால் உயர்ந்து தெரிவார். கண் மட்டத்தில் எடுத்தால் நம் எதிரில் நிற்பவர் போலத் தெரிவார். ஆகவே, அம்மா குனிந்து வெட்டும்போது பிள்ளைகளும் குனிந்து எடுத்தார்கள். தூரக் காட்சி இடத்தைக் காட்டியது. நடுத்தரக் காட்சி வேலையைக் காட்டியது. அண்மைக் காட்சியில் உளி பிடித்த விரல்களும், பிறகு முகமும் வந்தன.

முகத்தைத் திரையின் நட்ட நடுவில்தான் வைக்க வேண்டும் என்பதில்லை. திரையை நெடுக்கே இரண்டு, குறுக்கே இரண்டு கோடுகளால் பிரித்துக்கொண்டு, கோடுகள் சந்திக்கும் இடத்தில் கண்களை வைத்தோம். அம்மா பார்க்கும் பக்கத்தில் சற்று இடம் விட்டோம். அவர் எதைப் பார்க்கிறார் என்று பார்ப்பவருக்கும் எண்ணத் தோன்றியது.

அடுத்தது வெளிச்சம். வெயில் ஏறுமுன் பால் நன்றாக ஓடும் என்பதால், இருட்டிலேயே வெட்டத் தொடங்குகிறோம் அல்லவா? நெற்றி விளக்கு மரத்துக்குத்தான் வெளிச்சம் தருகிறது. அதை அணிந்தவர் முகம் இருளில் கிடக்கிறது. இதற்கு என்ன செய்வது?

1956-இல் வெளிவந்த 'அபராஜிதோ' என்னும் வங்காளப் படத்தில் ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா ஒரு வழி கண்டார். அரங்கில் அமைத்த காசி வீட்டு முற்றத்துக்கு மேலே வெள்ளைத் துணியைக் கட்டி, விளக்கொளியை அதில் பாய்ச்சினார். துணியில் பட்டுத் திரும்பிய ஒளி, வானத்து வெளிச்சம் போல மென்மையாகப் பரவியது.

எங்கள் மாணவர்களும் ஒரு விடுமுறை நாளில், தந்தையார் துணையோடு சென்று, பழைய வெள்ளை வேட்டியை மரத்துக்குப் பக்கத்தில் பிடித்தார்கள். கைவிளக்கின் ஒளியை வேட்டியில் பாய்ச்சினார்கள். அம்மாவின் முகம் தெளிந்தது. பகலில் எடுப்பவர்கள் உச்சி வெயிலைத் தவிர்க்க வேண்டும். அப்போது கண்குழிகளில் நிழல் விழும். வீட்டுக்குள் எடுத்தால், சன்னலுக்கு முதுகு காட்டி நிற்க வைக்காமல், சன்னல் வெளிச்சம் முகத்தில் படும்படி திருப்பி உட்கார வைக்கலாம்.

அந்தத் தாயார் முதலில் சம்மதிக்கவில்லை. "பால் கறை பிடித்த உடுப்போடு எடுக்காதே ஐயா, சீலை கட்டிக்கொண்டு வருகிறேன்" என்றார். "இந்த உடுப்பில்தானே அம்மா எங்களை வளர்த்தீங்க?" என்றான் மகன். சற்று நேரம் பேசாமலிருந்து, பிறகு தலையசைத்தார். அதன் பின்னரே படமெடுத்தார்கள். ஒருவர் சம்மதமின்றி அவரைப் படமெடுக்கலாகாது என்பதும் பாடத்தில் ஒரு பகுதிதான்.

படத்தைப் பள்ளியில் காட்டியபோது அவர் சொன்னார்: "இத்தனை வருசமா வெட்டுறேன், வேலை செய்யும்போது என் முகம் எப்படி இருக்கும்னு இன்னைக்குத்தான் பார்த்தேன்."

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை படமெடுக்கும்போது, "ஏன் அங்கே நிற்கிறாய்? வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது?" என்று கேளுங்கள். யோசித்துப் பதில் சொல்வான். உங்களைப் படமெடுக்க விரும்பினால், வெட்கப்பட்டு விலகிவிடாதீர்கள். உங்கள் உழைப்பை உங்கள் பிள்ளையே அருகில் வந்து பார்க்கட்டும்.