கரிசல் வீட்டுக்கு ஒரு தொடுதிரைக் கணினி

எங்கள் ஊருக்கு எப்போதும்வென்றான் என்று பெயர். மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குச் செல்லும் பெருவழியில், எட்டயபுரத்தைத் தாண்டித் தெற்கே வந்தால் எதிர்ப்படும் ஊர். பெயரைக் கேட்ட வெளியூரார் முதலில் சிரிப்பார்கள், பிறகு, "எதில் வென்றீர்கள்?" என்று கேட்பார்கள். வானத்தை நம்பி விதைத்து, பெய்தால் விளைச்சல், பெய்யாவிட்டால் கடன் என்று வாழ்கிற கரிசற்காட்டுக்காரர்கள் அந்தக் கேள்விக்கு விடை சொல்வது எளிதன்று. ஆனால் ஒன்று சொல்லலாம். காசைக் கையை விட்டு இறக்குமுன் பலமுறை எண்ணிப் பார்க்கும் பழக்கம் எங்களுக்கு உண்டு. உழவு மாடு வாங்கப் போனால் பல்லைப் பிடித்துப் பார்ப்போம், சுழி பார்ப்போம், நடக்கவிட்டுப் பார்ப்போம். மாட்டுக்கு உள்ள இந்தச் சோதனையைக் கணினிக்கு ஏன் செய்வதில்லை என்பதே நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள்.

உளுந்தும் பாசிப்பயறும் களத்தை விட்டு ஏறி, மிளகாயும் விலைபோன பிறகு, கல்லூரிக்குப் போகப் பிள்ளை இருக்கிற வீடுகளில் பேச்சு மடிக்கணினியைப் பற்றித் திரும்புகிறது. வருஷத்தில் ஒரே முறை மிஞ்சுகிற பணம் அது. தப்பான பொருளை வாங்கிவிட்டால் அடுத்த வெள்ளாமை வரையில் மாற்று வழி கிடையாது. கோவில்பட்டிக் கடைகளிலோ தூத்துக்குடிக் கடைகளிலோ போய் நின்றால், கண்ணாடி போலப் பளபளக்கும் திரையை விரலால் தள்ளிக் காட்டுகிறார்கள். படம் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. மூடியைப் பின்புறமாக மடித்தால் பலகை போல ஆகிவிடுகிறது. பார்ப்பவருக்கு ஆசை பிறக்காமல் இருக்குமா?

தொடுதிரை நேற்று வந்த புதுமையன்று. இங்கிலாந்தில், மால்வெர்ன் நகரத்து ராடார் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய ஈ. ஏ. ஜான்சன் என்பவர் 1965-ஆம் ஆண்டிலேயே விரல் பட்டதை உணரும் திரையைப் பற்றி எழுதிவிட்டார். ஆகாய விமானங்களின் போக்குவரத்தைக் கவனிப்பவர்களுக்கு உதவும் என்பது அவருடைய எண்ணம். நம் நாட்டில் இதை ஏழை எளியவர் கைக்குக் கொண்டுவர இரண்டு முயற்சிகள் நடந்தன. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துப் பேராசிரியர்களும் பொறியாளர் சிலரும் சேர்ந்து சிம்ப்யூட்டர் என்ற கையடக்கக் கணினியை உருவாக்கினார்கள். எழுத்தறியாதவரும் திரையைத் தொட்டுப் பயன்படுத்த வேண்டும் என்பது நோக்கம். 2004-இல் அது கடைக்கு வந்தது. ஆனால் எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. அடுத்தது ஆகாஷ். 2011 அக்டோபர் 5-ஆம் தேதி மத்திய அரசு அதனை அறிமுகம் செய்தது. அரசு கொடுத்த விலை ஏறத்தாழ 50 டாலர். மாணவர்களுக்கு அதனினும் குறைந்த விலையில் கொடுப்பதாகத் திட்டம். உலகத்திலேயே மலிவான கணினி என்று பத்திரிகைகள் எழுதின. கையில் வாங்கியவர்கள், திரை சொன்னதைக் கேட்பதில்லை, வேகம் போதவில்லை என்று குறை சொன்னார்கள். மறு வருஷம் திருத்திய ஆகாஷ் வந்தது. அதில் திரையின் வகையே மாறியிருந்தது.

இந்த வகை மாற்றத்தைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். முதல் ஆகாஷில் இருந்த திரை அழுத்தத்தால் வேலை செய்வது. மெல்லிய இரண்டு தகடுகள் சிறிது இடைவெளியுடன் இருக்கும். அழுத்தினால் ஒன்றோடொன்று ஒட்டும். ஒட்டிய இடத்தை யந்திரம் அறிந்துகொள்ளும். விரலானாலும் சரி, பென்சிலின் பின்முனையானாலும் சரி, அதற்கு ஒன்றுதான். இன்று விற்கிற திரைகள் அப்படிப்பட்டவை அல்ல. கண்ணாடியின் அடியில் நுண்ணிய மின்புலம் பரவியிருக்கிறது. மனித உடல் மின்சாரத்தைக் கடத்துமாதலால், விரல் நெருங்கும்போது அந்தப் புலத்தில் ஒரு சிறு மாறுதல் உண்டாகிறது. அந்த மாறுதலைத்தான் யந்திரம் "தொடுதல்" என்று எடுத்துக்கொள்கிறது. அழுத்த வேண்டுவதில்லை, பட்டாலே போதும். நேர்த்தியான ஏற்பாடுதான். ஆனால் தோல் காய்ந்து, தடித்து, காப்புக் காய்த்துப்போன விரல் பட்டால் அந்த மாறுதல் மிகவும் சிறிதாகிவிடுகிறது. திரை பேசாமல் இருந்துவிடுகிறது.

பருத்தி எடுக்கிற கை, களை வெட்டுகிற கை, தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்க்கிற கை இவையெல்லாம் எப்படி இருக்கும் என்று இந்தச் சீமைக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நியாயவிலைக் கடையில் கைரேகை பதியாமல் நாலு முறை ஐந்து முறை விரலை மாற்றி மாற்றி வைக்கிற தாய்மார்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மட்டமென்று தள்ளிய பழைய திரை இந்தக் கைகளை ஏற்றுக்கொண்டது. உயர்ந்ததென்று வந்த புதிய திரை தயங்குகிறது. இதை விளம்பரத் தாளில் யாரும் போடுவதில்லை.

சென்ற ஆண்டு எங்கள் தெருவிலே ஒரு குடும்பத்தார் மகளுக்குக் கணினி வாங்கக் கோவில்பட்டிக்குப் புறப்பட்டார்கள். என்னையும் உடன் அழைத்தார்கள். "வாத்தியாரய்யா, இருபத்தஞ்சுக்கு மேல ஒரு ரூவா கிடையாது. அதுக்குள்ள எது நல்லதோ அதைச் சொல்லுங்க" என்றார் தகப்பனார். மகள் கல்லூரியில் வணிகவியல் சேர்ந்திருந்தாள். அவளுக்குத் தொடுதிரை மேல் ஆசை. தாயாருக்கும் ஆசைதான், வெளிநாட்டில் இருக்கும் மகனுடன் பெரிய திரையில் பேசலாம் அல்லவா? கடைக்காரர் மடக்குகிற கணினி ஒன்றை எடுத்து வைத்தார். அந்த அம்மாளைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். தொட்டார், ஒன்றும் நடக்கவில்லை. மறுபடியும் தொட்டார். "விரலைக் கொஞ்சம் ஈரம் பண்ணிட்டுத் தொடுங்கம்மா" என்றார் கடைக்காரர். அவர் சொன்னது உண்மையே; ஈரம் பட்டால் திரைக்கு விரல் தெரியும். அந்த அம்மாள் சேலைத் தலைப்பால் விரலைத் துடைத்துக்கொண்டே, "எங்க வீட்டு மாட்டுக்குத் தெரியுது இந்த விரலு, இதுக்குத் தெரிய மாட்டேங்குது" என்று சொல்லிச் சிரித்தார். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் அது சிரிப்பாகப் படவில்லை.

பிறகு அந்த யந்திரத்தின் உள்ளே இருப்பதைக் கேட்டோம். நினைவகம் 4 ஜிபி. சேமிப்பு 64 ஜிபி, அதுவும் இ.எம்.எம்.சி. என்ற மெதுவான வகை. விண்டோஸ் 11 என்னும் இயங்குதளம் நிறுவப்படுவதற்கே குறைந்தபட்சம் 4 ஜிபி நினைவகமும் 64 ஜிபி சேமிப்பும் வேண்டும் என்று அதனைச் செய்த கம்பெனியே சொல்லியிருக்கிறது. அப்படியானால் இந்த யந்திரம் பஸ்ஸின் படியில் ஒற்றைக்கால் வைத்துத் தொங்குகிற பிரயாணியைப் போன்றது. வண்டியில் ஏறிவிட்டான் என்று சொல்லலாம். ஊர் போய்ச் சேருவது அவன் பாடு. புதுப்பித்தல்கள் ஒவ்வொன்றாக வந்து இறங்க இறங்கச் சேமிப்பு நிரம்பும். இரண்டாம் வருஷத்தில் ஒரு கடிதம் திறப்பதற்குள் ஒரு குவளை தேநீர் குடித்து முடித்துவிடலாம். இந்தச் சேமிப்பு பெரும்பாலும் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருப்பதால் பிறகு மாற்றவும் முடியாது.

விலை குறைந்த கணினியில் தொடுதிரை இனாமாக வருவதில்லை. அதற்குக் கொடுக்கிற பணத்தை வேறு எங்கோ பிடித்துக்கொள்கிறார்கள். நினைவகத்தில் பிடிப்பார்கள், சேமிப்பில் பிடிப்பார்கள், விசைப்பலகையின் உறுதியில் பிடிப்பார்கள். ஐம்பதாயிரம் அறுபதாயிரம் கொடுக்கக்கூடியவர்களுக்கு இந்தப் பேச்சு வேண்டாம். இருபத்தையாயிரத்தோடு நிற்கிறவர்களுக்கு என் யோசனை இதுதான்: கட்டுரை எழுதவும் கணக்குப் போடவும் நான்கு வருஷம் உழைக்கவும் வேண்டுமானால், தொடாத திரையுள்ள சாதாரண மடிக்கணினியில் 8 ஜிபி நினைவகமும் எஸ்.எஸ்.டி. சேமிப்பும் கிடைக்கிறதா என்று தேடுங்கள். புதிதில் கிடைக்காவிட்டால், அலுவலகங்களில் ஓடிப் புதுப்பிக்கப்பட்டு வருகிற யந்திரங்களில் தேடலாம். ஆனால் அதில் ஒரு கண்ணி உண்டு. விண்டோஸ் 10-க்குத் தந்துவந்த ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. ஆகையால் விண்டோஸ் 11 முறையாக ஏறக்கூடிய யந்திரம்தானா என்று கேட்டு, கண்ணெதிரே போட்டுக் காட்டச் சொல்ல வேண்டும்.

தொடுதிரையே கூடாது என்று நான் பிடிவாதம் பேசவில்லை. சின்னஞ்சிறு குழந்தைகளுக்குப் பாடம் காட்டுகிற வீட்டுக்கு அது நல்லது. திரையிலேயே வரைந்து கணக்குச் சொல்லித் தருகிற ஆசிரியருக்கு மிகவும் நல்லது. ஆனால் அவர் பேனாவை ஏற்கும் திரைதானா என்று பார்த்து வாங்க வேண்டும். மலிவான திரைகள் பலவற்றில் விரல் செல்லும், எழுதுவதற்கென்றுள்ள மின்பேனா செல்லாது. இப்படித் தொடுதிரை வேண்டியவர்கள், அந்த விலைக்குள் விண்டோஸைச் சுமந்து திணறுகிற யந்திரத்தை விட்டுவிட்டு, குரோம்புக்கையோ விசைப்பலகை சேர்த்த டேப்லட்டையோ பார்ப்பது மேல். அவற்றின் இயங்குதளம் இலேசானது. 4 ஜிபியிலும் ஓரளவு தடையின்றி நடக்கும். 2023-இல் கூகிள் நிறுவனம் குரோம்புக்குகளுக்குப் பத்து வருஷம் வரையில் புதுப்பித்தல் உண்டு என்று அறிவித்தது. அந்தப் பத்து வருஷம் நீங்கள் வாங்கிய நாளிலிருந்து எண்ணப்படுவதன்று, அந்த ரகம் வெளியான நாளிலிருந்து எண்ணப்படுவது. கடையில் தூசி படிந்து கிடந்த பழைய ரகத்தைத் தள்ளுபடியில் வாங்கினால் ஆயுளில் பாதி கடையிலேயே கழிந்திருக்கும். கல்லூரியில் விண்டோஸில் மட்டும் ஓடுகிற மென்பொருள் ஏதாவது கேட்பார்களா என்பதையும் முன்னதாக விசாரித்துக்கொள்ள வேண்டும். வணிகவியல் படிப்பவர்களுக்குக் கணக்கு மென்பொருள் வரும். அங்கே குரோம்புக் உதவாது.

இனி நம் ஊர் வெயில். தொடுதிரைகளின் மேற்பரப்பு பெரும்பாலும் பளபளப்பான கண்ணாடி. மலிவான கணினிகளின் ஒளி 250 நிட் என்ற அளவில்தான் இருக்கும். கடைக்குள்ளே குளிர்ந்த விளக்கொளியில் அது அழகாகத் தெரியும். பங்குனி மாதத்துப் பகலில் திண்ணையில் வைத்துப் பாருங்கள்: உங்கள் முகமும் எதிர்வீட்டுக் கூரையும் தெரியும், எழுத்துத் தெரியாது. கடைக்காரரிடம் கேட்டு வாசலுக்குக் கொண்டுவந்து ஒரு நிமிஷம் பார்த்தால் குற்றமில்லை. நாங்கள் பார்த்தோம்.

வெப்பம் மின்கலத்துக்கும் பகை. தகரக் கூரையின் கீழே, நாள் முழுதும் சார்ஜ் ஏற்றியபடியே விட்டுவைத்தால் லித்தியம் மின்கலம் சீக்கிரம் மூப்படையும். எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கடையில் கேட்டால் பத்து என்பார்கள். பெட்டியின் மேல் வாட்-மணி என்று ஒரு கணக்கு அச்சிட்டிருக்கும், அதைப் பாருங்கள். 40 வாட்-மணி கொள்ளும் மின்கலத்தை, 8 வாட் உண்கிற வேலைக்கு வைத்தால் 5 மணி நேரம் வரும். குலுக்கையில் உள்ள தானியத்தை வீட்டில் உள்ள வாயால் வகுப்பது போன்ற கணக்குத்தான் இது. கரிசல் புழுதி மற்றொன்று. காற்றாடி மாதங்களில் அந்தக் கறுப்புத் தூள் எங்கும் புகும். உள்ளே விசிறி சுழலாத சிறு யந்திரங்கள் உண்டு. நம் பக்கத்துக்கு அவை ஒரு விதத்தில் பொருத்தம். விசிறி உள்ளதை வாங்கினால் மெத்தையின் மேலோ சாக்கின் மேலோ வைத்து ஓட்டாமல் பலகையின் மேல் வைக்க வேண்டும்.

தமிழ் எழுதுவதைச் சோதித்துப் பார்க்காமல் பணத்தை எண்ணாதீர்கள். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி வந்த தமிழ்99 விசைப்பலகை அமைப்பில் உயிர் எழுத்துகள் இடப்புறமும் மெய்கள் வலப்புறமும் அமைந்திருக்கின்றன; ஒரு வாரப் பழக்கத்தில் கை தானாகவே ஓடும். விண்டோஸ் 11-இல் அது உள்ளேயே இருக்கிறது. தொடுதிரையிலும் தமிழ் அடிக்கலாம். ஆனால் திரையில் தோன்றும் விசைப்பலகை பாதித் திரையை அடைத்துக்கொள்ளும். நாலு வரி விடுகிற செய்திக்கு அது போதும், நாற்பது பக்கம் எழுதுகிறவளுக்கு அழுத்தினால் அழுந்துகிற விசைதான் வேண்டும். எங்களோடு வந்த பெண்ணைத் தன் ஊர்ப் பெயரை அடித்துப் பார்க்கச் சொன்னேன். எப்போதும்வென்றான் என்று அடிக்க, எகர ஓகாரமும் னகர றகரமும் எல்லாம் வந்துவிடுகின்றன. நல்ல சோதனைச் சொல்!

கடைசியில் அவர்கள் 8 ஜிபி நினைவகமும் 256 ஜிபி எஸ்.எஸ்.டி.யும் உள்ள, தொடாத திரையுடைய, புதுப்பிக்கப்பட்ட மடிக்கணினி ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். மகளின் முகம் சிறிது வாடித்தான் இருந்தது. கையில் மிஞ்சிய தொகையில் மின்கடத்தும் முனையுள்ள சிறு கோல் ஒன்றைத் தாயாருக்கு வாங்கிக் கொடுத்தோம். அது நூறு ரூபாய்ச் சங்கதி. வீட்டில் இருக்கிற கைப்பேசியையே அவர் இப்போது அந்தக் கோலால் இயக்கி மகனைக் கூப்பிடுகிறார்.

பில்லைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தொடுதிரை உடைந்தால் பல ரகங்களில் கண்ணாடியை மட்டும் தனியே மாற்ற இயலாது. கீழே ஒட்டியுள்ள படத்திரையோடு சேர்த்தே மாற்ற வேண்டியிருக்கும். சில சமயம் கணினி விலையில் பெரும்பங்கு அதற்கே போய்விடும். உத்தரவாதத்தில் உடைசல் பெரும்பாலும் சேராது. ஆகவே, திரை மாற்ற எவ்வளவு ஆகும், பாகம் கோவில்பட்டியிலேயே கிடைக்குமா, மதுரைக்கு அனுப்ப வேண்டுமா என்று பணம் கட்டுவதற்கு முன்பே கேளுங்கள். யந்திரத்தின் அடியில் அச்சிட்ட வரிசை எண்ணும் பில்லில் எழுதிய எண்ணும் ஒன்றுதானா என்று சரிபார்த்து, பில்லை நிலப்பட்டா வைத்திருக்கிற டிரங்குப் பெட்டியிலேயே போட்டு வையுங்கள்.