முடி சொன்ன சாட்சி



1821 மே 5ஆம் தேதி, செயின்ட் ஹெலினா தீவில் ஆங்கிலேயரின் காவலில் இருந்த நெப்போலியன் இறந்தார். தம்மைக் கொல்கிறார்கள் என்று உயிலிலேயே ஆங்கிலேயர் மீது பழி போட்டுவிட்டுத்தான் போனார்.

140 ஆண்டுகளுக்குப் பிறகு அந்தப் பழி ஆய்வுக்கூடம் ஏறியது. சுவீடன் நாட்டுப் பல் மருத்துவர் ஃபோர்ஷுஃப்வுட், நெப்போலியனின் முடியைத் தேடிப் பிடித்தார். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் ஹாமில்டன் ஸ்மித் அதைச் சோதித்தார். சராசரி மனிதனைவிடப் பல மடங்கு ஆர்சனிக் நஞ்சு! 1961இல் முடிவு வெளியானது. பிறகென்ன, அந்தத் தீவில் பேரரசருடன் தங்கியிருந்த மோந்தோலோன் பிரபுவே கொலைகாரர் என்று ஃபோர்ஷுஃப்வுட் எழுதினார். பதில் சொல்ல அவர் உயிரோடு இல்லை.

ஒரு முடியில் இருக்கும் நஞ்சை எப்படி அளப்பது? 1936இல் கோபன்ஹேகனில் ஹெவெசியும் ஹில்டே லெவியும் கண்ட வழி அது. முடியை அணு உலைக்குள் வைத்து நியூட்ரான்களால் தாக்குவார்கள். ஆர்சனிக் அணு ஒரு நியூட்ரானை விழுங்கியதும் கதிரியக்கம் பெறுகிறது. சுமார் 26 மணி நேரத்தில் அதில் பாதி சிதைந்துவிடும். அப்போது வெளிவரும் காமா கதிரின் ஆற்றல், கைரேகை மாதிரி, ஆர்சனிக்குக்கே உரியது. தங்கத்துக்கு வேறு, மாங்கனீசுக்கு வேறு. கதிர்களை எண்ணினால் அளவு தெரிந்துவிடும். இன்றைய கருவிகளுக்கு முடியைக் கரைக்கக்கூட வேண்டியதில்லை. மலேசியாவில், பாங்கியில் 1982இல் இயங்கத் தொடங்கிய ட்ரிகா ஆய்வு உலையிலும் மண்ணையும் கடலடிப் படிவையும் இப்படித்தான் சோதித்திருக்கிறார்கள்.

கருவி பொய் சொல்லவில்லை, நேயர்களே. ஆனால் அதிகம் என்றால் யாரைவிட அதிகம்? நம் காலத்து மனிதரைவிடவா, அவர் காலத்து மனிதரைவிடவா?

இந்தக் கேள்வியை இத்தாலிய இயற்பியலாளர்கள் 2008இல் கேட்டார்கள். பவியா நகரிலுள்ள உலையும் ட்ரிகா வகைதான். கோர்சிகாவில் சிறுவனாக இருந்த நெப்போலியனின் முடி, எல்பா தீவுக் காலத்து முடி, இறந்த நாளின் முடி, மனைவி ஜோசஃபின், மகன் ஆகியோரின் முடி, இன்று வாழும் 10 பேரின் முடி, எல்லாவற்றையும் சோதித்தார்கள்.

பழைய முடிகள் அனைத்திலும் இன்றைய அளவைப்போல் சுமார் 100 மடங்கு ஆர்சனிக்! சிறுவனின் முடிக்கும் சாகும் மனிதரின் முடிக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சுவர்த்தாளின் பச்சைச் சாயத்திலும் மருந்துப் புட்டியிலும் ஆர்சனிக் கலந்திருந்த காலம் அது. கொலைகாரர் என்று பெயர் வாங்கிய பிரபு கண்மூடி அப்போது 150 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது.