பாலுண்ணும் பருவம் கடந்து



பிழைப்பை நாடிப் பிற மாநிலங்களுக்கு வந்த நாம், வந்த இடத்தில் முதலில் தேடியவற்றுள் ஒன்று தமிழ் ஆராதனை. மும்பையிலோ, கொல்கத்தாவிலோ, தில்லியிலோ, ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு பேருந்து மாறியாவது தமிழில் மன்றாடும் சபையைச் சென்று சேர்ந்தோம். பழகிய இராகத்தில் ஒரு ஞானப்பாட்டு எழுந்தபோது, பிறந்த ஊர்க் கோயிலின் மணியோசையே காதில் விழுந்தாற்போல் இருந்தது. அந்த ஆறுதலைக் குறைத்துப் பேச நாம் துணியோம். வேற்றூரில் அது நமக்குத் தாய்மடி.

ஆயினும், மடியில் வளரும் குழந்தை ஒரு நாள் இறங்கி நடக்க வேண்டும். நடவாவிட்டால் பெற்றவள் உள்ளம் கலங்கும். கிறிஸ்தவ வாழ்விலும் அப்படி ஒரு வளர்ச்சி உண்டு. அந்த முதிர்ச்சி யாது, அதை எதைக்கொண்டு அறிவது என்பதையே இன்று நாம் சிந்திக்க எடுத்துக்கொண்டோம்.

எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபத்தில் இதுபற்றிக் கண்டிப்பான ஓர் இடம் வருகிறது. விசுவாசிகளான சிலரை நோக்கி, சென்ற காலத்தைக் கணக்கிட்டால் நீங்கள் இதற்குள் பிறருக்குப் போதிப்பவர்களாய் இருக்கவேண்டும். நீங்களோ இன்னும் பால் கேட்கும் குழந்தைகளாய் இருக்கிறீர்கள் என்னும் கருத்துப்பட ஆசிரியர் வருந்துகிறார். பால் குடிப்பதை அவர் குற்றமாகக் கூறவில்லை. பிறந்த குழந்தைக்குப் பாலே உணவு. வளரவேண்டிய காலத்தில் வளராமையே குறை. அவர் வைக்கும் அளவுகோலையும் நாம் கவனிக்க வேண்டும். நீங்கள் எவ்வளவு கற்றீர்கள் என்று அவர் கேட்கவில்லை. கற்றதை யாருக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்கிறார்.

நாம் கையாளும் அளவுகோல்களோ வேறு. திருமுழுக்குப் பெற்று எத்தனை ஆண்டு ஆயிற்று, எத்தனை வசனம் மனப்பாடம், சபைக் குழுவில் எத்தனை முறை தேர்ந்தெடுக்கப்பட்டோம், ஜெபத்தில் எவ்வளவு கண்ணீர் பெருகியது என்றெல்லாம் எண்ணிப் பார்க்கிறோம். இவையெல்லாம் நல்லவையே. ஆனால் மரத்தின் வயதைச் சொல்லி எவரும் பசியாற்ற முடியாது, கனி வேண்டும்.

நம்மவர் ஒருவரின் வாழ்க்கை இதைத் தெளிவாக்கும். அவரும் நம்மைப் போலத் தமிழ்நாட்டை விட்டு வேற்றுமொழி வழங்கும் நாட்டுக்குச் சென்றவரே. வேதநாயகம் சாமுவேல் அசரியா 1874-ஆம் ஆண்டு, திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த வெள்ளாளன்விளையில் ஒரு குருவானவரின் மகனாகப் பிறந்தார். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பயின்றபின், 1895 முதல் ஒய்.எம்.சி.ஏ. என வழங்கும் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் செயலாளராகத் தென்னாட்டில் உழைத்தார். 1902-இல் அவர் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களே பொருள் திரட்டிப் பிற இடத்தில் ஊழியம் நடத்துவதைக் கண்டார். அது அவர் உள்ளத்தைத் தைத்தது. நூறாண்டு கடந்த திருநெல்வேலித் திருச்சபையில் கோயில்களும் பள்ளிகளும் குறைவின்றி இருந்தன. மேலைநாட்டாரிடம் இத்தனை பெற்ற சபை, தான் பிறருக்குக் கொடுத்தது என்ன என்னும் கேள்வி எழுந்தது.

அதற்கு விடையாக 1903-இல் திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் தோன்றியது. இந்தியரே ஊழியர், இந்தியர் பணமே முதல், இந்தியரே நிர்வாகிகள் என்பது அதன் கொள்கை. அந்நாளில் நிஜாம் ஆட்சியில் இருந்த தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல் பகுதி அதன் ஊழியக் களமாயிற்று. பிறரை அனுப்பிவிட்டு அசரியா தம் பதவியில் அமர்ந்திருக்கலாம். எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவரோ 1909-இல் அப்பதவியைத் துறந்து, குருப்பட்டம் பெற்று, குடும்பத்துடன் தோர்ணக்கல்லுக்குப் போனார். தெலுங்கைக் கற்று, அம்மொழியிலேயே பிரசங்கித்தார்.

மறு ஆண்டில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் உலக மிஷனெரி மாநாடு கூடியது. அங்கே அசரியா மேலைநாட்டு ஊழியர்களின் தியாகத்தை நன்றியோடு பாராட்டினார். அதன்பின், கொடையாளியாக மட்டும் நில்லாமல் நண்பராகவும் எங்களோடு அமருங்கள் என்னும் கருத்தை அச்சமின்றி எடுத்துரைத்தார். நன்றியை மறவாமலும் உண்மையை மறையாமலும் பேசுவது முதிர்ந்தவரின் பேச்சு. 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தாவின் தூய பவுல் பேராலயத்தில் அவர் பேராயராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் அந்நிலையை எய்திய முதல் இந்தியர் அவரே.

தோர்ணக்கல்லில் அவரிடம் வந்தவர்களில் பெரும்பாலோர் நிலமற்ற கூலியாட்கள், எழுத்தறியாதவர்கள். இவர்கள் வளர்ந்து தேறட்டும், பிறகு கொடுக்கச் சொல்லலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. திருமுழுக்குப் பெறுகிறவர் தம் கையைத் தம் தலைமேல் வைத்து, நற்செய்தியைப் பிறருக்கு அறிவிப்பது தம் கடமை என்று சொல்லும்படி செய்தார். ஏழைகளையும் தங்கள் வறுமையிலிருந்து காணிக்கை கொடுக்கக் கற்பித்தார். வளர்ந்த பின்பே கொடுக்க முடியும் என்று நாம் நினைக்கிறோம். கொடுப்பதனாலேயே வளர்கிறோம் என்பது அவர் கண்ட உண்மை. 1945 ஜனவரி 1 அன்று தோர்ணக்கல்லிலேயே அவர் உயிர் நீத்தார்.

நாம் அனைவரும் பேராயர் ஆகப் போவதில்லை. வேலையைத் துறக்கவேண்டும் என்பதும் இல்லை. ஆனால் நமக்கு நேர்ந்த ஒன்றை வெட்கத்தோடு சொல்லத்தான் வேண்டும். நம் வீட்டுக்குக் கீழ்வீட்டில் பத்து ஆண்டுகள் குடியிருந்த முதியவர் ஒரு நாள் காலமானார். நாம் சென்று கைகூப்பி நின்றோம். அவருடைய மனைவியார் நம்மை நிமிர்ந்து பார்த்தார். ஒரு சொல் சொல்ல வேண்டும், ஒன்றும் வரவில்லை. காய்கறி விலையைக் குறைத்துக் கேட்க அம்மொழி நமக்குத் தெரியும். வாடகையைப் பற்றி வாதாடவும் தெரியும். பேரம் பேசுவதற்கு வேண்டிய மொழியைக் கற்றுக்கொண்டோம். துக்கம் விசாரிப்பதற்கு வேண்டிய மொழியைக் கற்கவில்லை. அன்று மாலை நம் ஜெபக்கூட்டத்தில், வழக்கம்போல், அன்பைப் பற்றித் தமிழில் உருக்கமாகப் பாடினோம்.

அன்றுதான் நம் வயது நமக்குத் தெரிந்தது. இந்நகரம் நமக்கு வேலை கொடுத்தது. நம் பிள்ளைகளுக்குப் பள்ளி கொடுத்தது. சபை நமக்குத் தாய்மடி கொடுத்தது. வாங்குவதில் நாம் குறை வைக்கவில்லை. மடியை விட்டு இறங்கி, அடுத்த வீட்டு வாயில்வரை நடக்கத்தான் இல்லை.

நடை பழகுவது பெரிய காரியங்களில் தொடங்குவதில்லை. இவ்வூர் மொழியை நம் பிள்ளைகள் நம்மைவிட நன்றாகப் பேசுகிறார்கள். மாலையில் பாடம் எழுதும் அவர்கள் அருகில் நாம் மாணாக்கராக அமரலாம். அவர்கள் நம் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பைப் பொறுத்துக்கொள்வதும் வளர்ச்சியே. சபைக்கு உள்ளேயும் வேலை உண்டு. ஊரையும் சாதியையும் கேட்டறிந்த பின்னரே புதியவருக்கு இடம் ஒதுக்கும் வழக்கம் நம்மோடு இரயிலேறி வந்திருக்குமானால், அதை இறக்கி வைக்கவேண்டிய இடம் இதுதான். இவ்வளவும் செய்து முடித்தாலும், முதிர்ந்துவிட்டோம் என்று நாம் சொல்லிக்கொள்ள மாட்டோம். காவலில் இருந்தபடி பிலிப்பியருக்கு எழுதிய பவுல் அப்போஸ்தலரே, தாம் இன்னும் இலக்கை அடையவில்லை, ஓடிக்கொண்டிருக்கிறோம் என்றே எழுதினார்.

கணவரை இழந்த அந்த அம்மையார் இன்னும் கீழ்வீட்டில்தான் இருக்கிறார். அவர் மொழியில் நலம் விசாரிக்க இரண்டு வாக்கியங்கள் கற்றிருக்கிறோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து திரும்பும்போது, மாடிப்படி ஏறுமுன் அவர் கதவைத் தட்டுவோம்.