பழைய நோட்டும் எண்பத்தைந்து காசும்



அண்மையில் கிள்ளான் வட்டாரத் தோட்டம் ஒன்றிற்கு நாம் சென்றிருந்தபோது, மூதாட்டி ஒருவர் தம் டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து, பாய்மரப் படகு பொறித்த ஒரு வெள்ளி நோட்டுகள் சிலவற்றை எடுத்துக் காட்டினார். "அவர் பால் வெட்டிச் சேர்த்த பணம் ஐயா, இன்னும் செல்லுமா?" என்று வினவினார். செல்லாது என்று கூற நமக்கு நா எழவில்லை; ஆயினும் கூறினோம். அதன் காரணத்தை உங்களுக்கும் எடுத்துரைக்க விரும்புகிறோம்.

1967ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள், பேங்க் நெகாரா புதிய மலேசிய வெள்ளியை வெளியிட்டது. முதல் மாமன்னர் துவாங்கு அப்துல் ரஹ்மான் அவர்களின் உருவம் தாங்கிய நோட்டுகள் அவை. பழையதும் புதியதும் சம மதிப்புடன் புழங்கியமையால், மாற்றிக்கொள்ள அவசரமில்லை என்று பலர் இருந்துவிட்டனர். பழைய நோட்டுக்கு ஈடாக நின்றது பிரிட்டிஷ் பவுன் என்பதை லயத்தில் யார் அறிவார்?

அவ்வாண்டு நவம்பர் 18ஆம் நாள், பிரிட்டன் தன் பவுனின் மதிப்பை நூற்றுக்குப் பதினான்குக்குச் சற்று மேலாகக் குறைத்தது. பவுனோடு பிணைந்திருந்த பழைய வெள்ளியும் உடன் சரிந்தது. புதிய வெள்ளி சரியவில்லை. பழைய வெள்ளி ஒன்றுக்கு எண்பத்தைந்து காசு என்றாயிற்று. மகளின் திருமணத்திற்கென்று 200 வெள்ளியைப் பழைய நோட்டாகவே பூட்டி வைத்திருந்தவருக்கு 170 வெள்ளிதான் மிஞ்சும். முந்திய ஐந்து மாதங்களில் மாற்றியிருந்தால் ஒரு காசும் குறைந்திராது. மக்களின் கொதிப்பு பினாங்கில் கடையடைப்பாக மூண்டு, கலவரமாகி, உயிர்களையும் பலிகொண்டது. 1969ஆம் ஆண்டில் பழைய நோட்டுகள் புழக்கத்தினின்றே நீக்கப்பட்டன.

நம் முதியோரை அறியாதவர் என்று நாம் பழிக்கமாட்டோம். ஜப்பானியர் காலத்து வாழைமர நோட்டு, 1945இல் அவர்கள் சரணடைந்ததும் வெறுங்காகிதமானதைக் கண்ணால் கண்டவர்கள் அவர்கள். புதிய நோட்டை ஐயுற்றுப் பழையதை நம்பியதில் வியப்பென்ன?

பிற்காலத்திலும் 500, 1000 ரிங்கிட் நோட்டுகள் 1999 ஜூலை 1 முதலும், ஒரு ரிங்கிட் நாணயம் 2005 டிசம்பர் 7 முதலும் செல்லாதவையாயின. ஆகவே, பணமாற்று அறிவிப்பு வரும்போது கடைசி நாள் எது, மாற்றுமிடம் எது, முழு மதிப்பும் கிடைக்குமா என்பவற்றைப் படித்த பிள்ளைகளிடமேனும் கேட்டறியுங்கள். அரிசி டின்னையும் சாமிப் படத்தின் பின்புறத்தையும் அன்றே பார்த்துவிடுங்கள். ஒருநாள் சம்பளம் போனாலும், கிள்ளானிலோ பிரிக்பீல்ட்சிலோ உள்ள வங்கிக்கு நீங்களே செல்லுங்கள். லயத்துக்கு வந்து பாதி விலை பேசுவோரிடம் பணத்தைக் கொடுத்தனுப்ப வேண்டாம்.

அம்மூதாட்டியின் நோட்டுகளைக் கடையில் கொடுத்து அரிசி வாங்க இயலாது. பழம்பணம் சேகரிப்போர் அவற்றை விலைக்குக் கேட்கலாம். அப்போதும் இருவர் மூவரிடம் விசாரித்த பின்னரே கொடுக்குமாறு அவரிடம் கூறி வந்தோம்.