தூண்டிலும் தோழமையும்



ஓய்வு பெற்ற தலைமையாசிரியன் ஒருவன் மீன் பிடிப்பதைப் பற்றி வானொலியில் பேச வருவது உங்களுக்கு வியப்பாக இருக்கலாம். "படிக்கிற நேரத்தில் தூண்டில் என்ன வேண்டிக் கிடக்கிறது?" என்று முப்பதாண்டுக் காலம் பிள்ளைகளை அதட்டிய வாய்தான் இது. அதட்டிய நாட்களிலும் என் வீட்டுப் பரணில் இரண்டு மூங்கிற்கோல்கள் இருந்தன என்பதை இன்று ஒப்புக்கொண்டு விடுகிறேன். ஒன்று என்னுடையது, மற்றொன்று என் நண்பனுடையது.

நண்பனை 'அவர்' என்று குறிப்பிடுவதுதான் முறை. அப்படியே எழுதியும் பார்த்தேன். யாரோ அயலாரைப் பற்றிப் பேசுவதுபோல் இருந்தது. ஆதலால் 'அவன்' என்றே சொல்கிறேன். பொறுத்தருள்க.

கும்பகோணத்துக்கு அருகே அரசலாற்றங்கரைச் சிற்றூர் ஒன்றில் நாங்கள் பிறந்தோம். 1968ஆம் ஆண்டில் இருவரும் ஐந்தாம் வகுப்பு. அவன் தச்சர் வீட்டுப் பிள்ளை. எட்டாம் வகுப்போடு அவன் படிப்பு நின்றது. உளியும் இழைப்புளியும் கைக்கு வந்தன. நான் கல்லூரிக்குப் போனேன். வாழ்க்கை எங்களை இரு வேறு வழிகளில் நடத்திற்று. ஆயினும் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அவ்விரு வழிகளும் ஆற்றங்கரை நாவல்மரத்தடியில் வந்து சேர்ந்துவிடும்.

எங்கள் கருவிகள் எளியவை. மூங்கிற்கோல், நைலான் நரம்பு, சிறு ஈயத்துண்டு, முள், நெட்டியில் செதுக்கிய தக்கை. தக்கையைச் செதுக்குவது அவன் பொறுப்பு; வாழைமரத்தடியில் மண்புழு தோண்டுவது என் பொறுப்பு. இதில் கல்லூரிப் படிப்பு எனக்கு எவ்விதச் சலுகையும் பெற்றுத் தரவில்லை.

தக்கையைப் படிப்பது ஒரு கல்வி. கெண்டை வந்தால் தக்கை சிறு குழந்தை தலையாட்டுவதுபோல் வெடுக்கு வெடுக்கென்று ஆடும். அப்போது இழுத்தால் இரை போய்விடும், மீனும் வராது. கெளுத்தி அப்படியன்று, தக்கையை ஒரு பக்கமாக நகர்த்திக்கொண்டு போய் மெல்ல அமிழ்த்தும். 1952ஆம் ஆண்டில் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட சிலேபிக் கெண்டைக்கு இந்த நாகரிகமெல்லாம் இல்லை. வந்த வேகத்தில் விழுங்கும். விரால் தன் குஞ்சுகளைக் காத்து நிற்கும் மீன். நீரின் மேற்பரப்பில் செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக மிதந்தால், கீழே பெற்ற மீன் காவல் நிற்கிறது என்று பொருள். அவ்விடத்தில் தூண்டில் போடக்கூடாது என்பது என் நண்பனின் தந்தையார் வகுத்த சட்டம். எங்கள் ஊரில் அதற்கு மேல்முறையீடு கிடையாது.

நாங்கள் பிடித்த மீனைவிட, காத்திருந்த நேரம்தான் மிகுதி. அந்நேரத்தில் நிறையப் பேசுவோம் என்று நினைக்காதீர்கள். பேச்சுக் குரலுக்கு மீன் விலகும் என்பது அவன் கொள்கை. ஒரு மாலை முழுதும் பத்துச் சொற்கள் பேசியிருப்போம். வீடு திரும்பும்போது எல்லாம் பேசித் தீர்த்தாற்போன்ற நிறைவு இருக்கும்.

கல்லூரி நூலகத்தில் ஐசக் வால்டன் என்ற ஆங்கிலேயர் தூண்டிற்கலை பற்றி எழுதிய நூலைக் கண்டெடுத்தேன். 1653ஆம் ஆண்டில் வெளிவந்த நூல் அது. இங்கிலாந்தில் உள்நாட்டுப் போர் மூண்டு, மன்னர் தலை வெட்டுண்டு, நாடு இரண்டுபட்டுக் கிடந்த காலம். அக்காலத்தில், இலண்டனில் வணிகம் செய்து ஓய்ந்த மனிதர் ஒருவர் ஆற்றங்கரையில் அமர்வதைப் பற்றி எழுதினார். அவருடைய தூண்டில் தோழர்களுள் ஒருவர் ஹென்றி வாட்டன். ஈட்டன் பள்ளியின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர். பள்ளித் தலைவர்கள் மீன் பிடிப்பதற்கு இப்படி ஒரு முன்மாதிரி இருப்பது எனக்குப் பெரிய ஆறுதல்!

வால்டனுடைய மற்றொரு தோழர் சார்லஸ் காட்டன். அவர் வால்டனைவிட 37 ஆண்டு இளையவர். வால்டன் அடக்கமும் பக்தியும் உடையவர். காட்டனோ கைநிறையச் செலவழித்துக் கழுத்துவரை கடன்பட்டவர். இவர்களை இணைத்தது டவ் என்னும் ஆறு. 1674ஆம் ஆண்டில் காட்டன் அவ்வாற்றங்கரையில் கல்லால் ஒரு சிறு வீடு எழுப்பி, வாயிலின் மேல் தங்கள் இருவர் பெயரின் முதலெழுத்துக்களையும் பின்னிப் பொறித்தார். அவ்வீடு இன்றும் நிற்கிறது. 1676ஆம் ஆண்டில் வால்டனின் நூல் ஐந்தாம் பதிப்புக் கண்டபோது, இரண்டாம் பகுதியை எழுதிச் சேர்த்தவரும் காட்டனே. அப்போது வால்டனுக்கு வயது எண்பதைக் கடந்திருந்தது.

விடுமுறையில் வந்து இக்கதையை நண்பனுக்குச் சொன்னேன். தக்கையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தவன், "கல் வீடு சரி, கதவு என்ன மரம்?" என்று கேட்டான். இன்றுவரை எனக்கு விடை தெரியாது.

இனிச் சொல்லப்போவது எனக்குப் பெருமை தருவதன்று. 2001ஆம் ஆண்டு. நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியில் படித்தவன் அவன் மகன். இராணுவத்தில் சேர விரும்பினான். வயது வரம்பைச் சில மாதங்கள் கடந்துவிட்டிருந்தான். நண்பன் என் அறைக்கு வந்து, பள்ளிப் பதிவேட்டில் பிறந்த ஆண்டை ஒன்று தள்ளி எழுதித் தரமுடியுமா என்று கேட்டான். முடியாது என்றேன். அதில் இன்றும் எனக்கு ஐயமில்லை. பதிவேடு என் சொத்தன்று.

ஆனால் முடியாது என்றதோடு நான் நின்றேனா? எழுத்தரும் ஆசிரியர் இருவரும் பார்த்திருக்க, அவனை நிற்க வைத்தே, திருக்குறளின் 'நட்பு' அதிகாரத்திலிருந்து பாடம் நடத்தினேன். கூடிச் சிரிப்பதற்கு மட்டும் நட்பன்று, நண்பன் வரம்பு கடந்தால் கடிந்து சொல்வதற்கும்தான் என்று வள்ளுவர் கூறும் கருத்தை விளக்கினேன். இரண்டு அதிகாரம் தள்ளி, 81ஆவதாகப் 'பழைமை' என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. பழகிய நண்பர் உரிமையால் செய்வதைப் பொறுத்தல் பற்றியது அது. அன்று அது என் நினைவுக்கு வரவில்லை. நான் அமர்ந்திருந்த நாற்காலியின் உடைந்த காலைக் கூலி வாங்காமல் செப்பனிட்டுத் தந்தவன் அவன் என்பதும் நினைவுக்கு வரவில்லை.

அவன் தலை குனிந்து கேட்டான். "சரிங்க, தலைமையாசிரியர் ஐயா" என்று சொல்லிப் போய்விட்டான். 'டேய்' என்று கூப்பிட்டுப் பழகியவன் வாயிலிருந்து வந்த அந்த 'ஐயா' என்னைச் சுட்டது. மகன் பிறகு தந்தையின் பட்டறையிலேயே தொழில் கற்றுக்கொண்டான். நாங்கள் இருவரும் ஏழாண்டுகள் பேசவில்லை.

அவனுடைய கோல் என் பரணிலேயே கிடந்தது. திருப்பி அனுப்பினால் முடிந்துபோயிற்று என்று பொருள்படுமே என்று நான் அனுப்பவில்லை. அவனும் கேட்கவில்லை, புதுக்கோல் ஒன்று செய்துகொண்டு ஆற்றின் அடுத்த வளைவில் உட்கார்ந்தான். இங்கிருந்து பார்த்தால் அவன் தலைப்பாகை மட்டும் தெரியும். மன்னிப்புக் கேட்கும் சொற்களை எத்தனையோ முறை மனத்தில் கோத்தேன். ஊராருக்கெல்லாம் கடிதம் எழுதிக் கொடுத்தவனுக்கு ஒரு வரி வரவில்லை.

மேட்டூர் அணையை ஜூன் 12ஆம் நாள் திறப்பது மரபு. நீர் இருப்புக்கு ஏற்ப நாள் முன்பின்னாவதும் உண்டு. கல்லணை வழியாகக் கிளையாறுகளில் புதுத்தண்ணீர் கலங்கலாக வரும்போது, கெளுத்தி நன்றாக இரையெடுக்கும். 2008ஆம் ஆண்டு அவ்வாறு தண்ணீர் வந்த ஒரு மாலையில் எனக்குப் பெரிய கெளுத்தி ஒன்று அகப்பட்டது. கெளுத்திக்கு முதுகில் ஒன்றும் பக்கத்துக்கு ஒன்றுமாக மூன்று முட்கள். அஞ்சினால் அவற்றை விறைத்து நிறுத்திக்கொள்ளும். பக்க முட்களுக்குப் பின்னே விரல் கொடுத்துப் பிடித்தால்தான் தப்பலாம். அந்த வித்தையை எனக்குச் சொல்லிக் கொடுத்தவனே அவன்தான். அவசரத்தில் மறந்தேன், முள் உள்ளங்கையில் இறங்கிற்று. என்னையறியாமல் அலறிவிட்டேன்.

வளைவிலிருந்து தலைப்பாகை எழுந்தது. ஓட்டமும் நடையுமாக வந்தான். பையிலிருந்து குறடு எடுத்து, மீனை அசையாமல் பிடித்து, ஒரே இழுப்பில் முள்ளை எடுத்தான். பக்கத்துத் தேநீர்க் கடைக்கு இழுத்துப் போய், பொறுக்கும் சூட்டில் வெந்நீர் வாங்கிக் கையை அதில் அமிழ்த்தி வைத்தான். கடுப்பு மெல்ல அடங்கிற்று.

"டேய், ஐம்பது வயசாகுது. கெளுத்தியைப் பிடிக்கத் தெரியல, உனக்கெல்லாம் தூண்டில் ஒரு கேடா?" என்றான்.

நான் அழுதேன். வலியால் அழுவதாகக் கடைக்காரர் எண்ணிக்கொண்டார். "அன்றைக்கு அத்தனை பேர் முன்னால்..." என்று தொடங்கினேன். "நான் கேட்டதும் தப்புதான். விடு. என் கோல் இருக்கா, அடுப்பில வெச்சிட்டியா?" என்று கேட்டான்.

இப்போது அவனுக்குக் கண் மங்கிவிட்டது. தக்கை தெரிவதில்லை. "ஆடுகிறது" என்று நான் சொல்வதற்குள் நரம்பின் துடிப்பை விரலால் உணர்ந்து இழுத்துவிடுகிறான். நான் பார்ப்பதைவிட அவன் தொடுவது விரைவாக இருக்கிறது. இந்தப் பேச்சை வானொலியில் கேட்டுக்கொண்டிருப்பான். அந்தக் கெளுத்தி அப்படியொன்றும் பெரியதில்லை என்று ஞாயிற்றுக்கிழமை என்னோடு வழக்குக்கு வருவான். கோல்கள் இரண்டையும் எண்ணெய் தடவி வைத்திருக்கிறேன்.